பிளஷருக்கு இரண்டு சாவி

போன மாதம் ஒரு பூட்டிய டிக்கிக்குள் கையை விட்டேன்.

பூட்டை உடைக்கவில்லை. கள்ளச்சாவி போடவில்லை. கரமனையில் ஸ்டீபன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த என் காருக்கு அடியில் போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். கையை நீட்டினேன். அவ்வளவுதான்... முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று.

மேலே பூட்டு பத்திரமாக இருந்தது. கீழே தரை இல்லை!

"அண்ணாச்சி" என்று சிரித்தார் மேஸ்திரி. "இத்தனை வருஷமா அண்ணனும் தம்பியும் சாவி சாவின்னு சண்டை போட்டியளே... இஞ்ச பாருங்கோ, டிக்கி தொறந்துல்லா கெடக்கு!"

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். வரவில்லை. கையில் ஒட்டிய துருவை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். டீயும் கசந்தது.

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு எங்கள் பிளஷரைத் தெரியும். "அந்தக் காரைப் பற்றி முழுசாக ஒரு தடவை எழுதுங்களேன்" என்று கேட்டவர்களும் உண்டு. நல்லபடியாக ஓடும்போது எழுதலாம் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது நல்லபடியாக ஓடுகிறது. எழுதத்தான் சந்தோஷமாக இல்லை.

பிளஷர் என்பது அப்பா வைத்த பெயர். அப்பா காலத்து ஆட்கள் காரை அப்படித்தான் சொல்வார்கள். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த வண்டி. கொல்லத்தில் முந்திரி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஒரு முதலாளி வைத்திருந்து, அவர் கை தளர்ந்தபோது அப்பாவிடம் வந்தது. எட்டு சிலிண்டர். முன் சீட்டு ஒரே பெஞ்சு. பின்பக்கம் மீன் வால் மாதிரி இரண்டு தகடு எழும்பி நிற்கும். ஆரியசாலைச் சந்துக்குள் இதைத் திருப்ப வேண்டுமானால் எதிர்க்கடைக்காரர் தன் வெல்லச் சாக்கையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொள்வார். திட்டிக்கொண்டேதான் இழுப்பார்.

எங்களுக்குக் கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி மொத்த வியாபாரம். சாம்பிராணி விற்கிறவனுக்கு இவ்வளவு பெரிய கார் எதற்கு? அம்மாவே கேட்டிருக்கிறாள். அப்பா பதில் சொன்னதில்லை. ஆனால் நவராத்திரிக்குக் குமாரகோயில் முருகன் எழுந்தருளி வந்து எங்கள் ஆரியசாலைக் கோயிலில் தங்குவார் அல்லவா? அன்றைக்குப் பிளஷரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கடை வாசலில் நிறுத்துவார். சுவாமி கடந்து போகும்போது காருக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்பார். நாங்கள் இரண்டு பையன்கள் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். மூன்று பிள்ளைகளுக்குமாகச் சேர்த்துக் கும்பிடுவது போல இருக்கும்.

நான் மூத்தவன். பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்டேன். தாணு என் தம்பி. அவனும் பெரிய படிப்பொன்றும் இல்லை. ஆனால் காரில் எங்களுக்கு இருந்த உத்தியோகம் எந்தப் படிப்பிலும் கிடைக்காது.

விஷயம் இதுதான். அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் சாலையில் ஓட்டுகிறவன் ஓரத்தில் போய் உட்கார்ந்திருப்பான். முன்னால் ஒரு பஸ் போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா ஓட்டியபோதும் சரி, பிற்பாடு நான் ஓட்டியபோதும் சரி, வலது சீட்டு தாணுவுக்குத்தான்.

"நில்லுண்ணே... லாரி ஒண்ணு வருகு... இன்னொரு ஜீப்பு... போட்டே!"

'போட்டே' என்றால் மலையாளத்தில் 'போகட்டும்'. இங்கே பஸ்ஸில் மணி அடிப்பதற்கு மேல் ஒரு சத்தம் கொடுப்பார்களே, அதே சத்தம். பஸ் கிளீனராக வேண்டும் என்பதுதான் சின்ன வயதில் அவன் லட்சியம்! அவன் "போட்டே" என்று சொல்லிவிட்டால் நான் யோசிக்க மாட்டேன். ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். எதிரே எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் பார்த்துவிட்டானே!

யோசித்துப் பாருங்கள்... அடுத்தவன் கண்ணை நம்பி உயிரை முன்னால் விடுவது. அப்படி ஒருவனை இப்போது யாரிடம் போய்த் தேடுவது?

புறப்படும்போது இன்னொரு முறை உண்டு. வலது சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் ஒரு பெட்டி. அதற்குள் அப்பாவின் மூடி போட்ட சின்ன வெள்ளிச் சம்புடம், அதில் விபூதி. தாணு பெட்டியைத் திறப்பான். அப்பா நெற்றியில் பூசிக்கொண்டு, எங்களுக்குப் பூசிவிட்டு, ஸ்டியரிங்கில் ஒரு கீற்று இடுவார். "முருகா" என்பார். அப்புறம்தான் சாவி. பழவங்காடி வந்ததும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். இது இல்லாமல் பிளஷர் கிழக்கேகோட்டையைத் தாண்டியதில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது சம்புடம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது. அப்புறம் அப்பா எழுந்திருக்கவில்லை.

பங்கு பிரிக்கும் நாள் வந்தது.

கடையும் அதன் பின்னால் உள்ள வீடும் எனக்கு. விழிஞ்ஞம் போகிற வழியில் உள்ள மனை அவனுக்கு. பாத்திரம், நகை, குத்துவிளக்கு எல்லாம் பிரிந்தது. அதிலும் முகம் சுளித்தல் உண்டு, வேண்டாத வார்த்தை உண்டு. யார் வீட்டில்தான் இல்லை? கடைசியில் பிளஷர் நின்றது. விற்க இரண்டு பேருக்கும் மனமில்லை. விட்டுக்கொடுக்கவும் இரண்டு பேருக்கும் மனமில்லை.

நாகர்கோவிலில் இருந்து தாய்மாமா வந்திருந்தார். ஊரில் நாலு பஞ்சாயத்தை முடித்துவைத்தவர். காரைச் சுற்றி வந்தார். "ஏன் டே, இதுக்கு ரெண்டு சாவியா?" என்று கேட்டார்.

ஆமாம், இரண்டு சாவி. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் பலதிலும் அப்படித்தான். ஒன்று கதவுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும். மற்றது டிக்கிக்கும் டேஷ்போர்டுப் பெட்டிக்கும். ஹோட்டல் வாசலில் காரை எடுத்து நிறுத்தும் ஆளிடம் ஓட்டுகிற சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். அவனால் வண்டியை நகர்த்த முடியும், பெட்டியைத் தொட முடியாது.

மாமா முகத்தில் வெளிச்சம் வந்தது. "காரை அறுத்துப் பங்கு வைக்க முடியுமா? ஆளுக்கு ஒரு சாவி எடுத்துக்கிடுங்கோ. ஒருத்தன் இல்லாம ஒருத்தனுக்குக் காரியம் நடக்காது. அப்பமாவது சேர்ந்து நிப்பியளா பாப்போம்!"

கூடியிருந்தவர்கள் எல்லாம் 'ஆகா' என்றார்கள். என்ன மூளை, என்ன மூளை! மாமா சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். தீர்ப்புச் சொல்கிறவர் யாரும் தீர்ப்போடு குடியிருப்பதில்லை.

அந்நியன் கைக்குப் போகக் கூடாது என்று எவனோ ஒரு அமெரிக்காக்காரன் செய்த பூட்டு. அதை நாங்கள் உடன்பிறந்தவனுக்கு எதிராகப் போட்டுக்கொண்டோம்.

ஓட்டுகிற சாவி எனக்கு வந்தது. டிக்கிக்கும் தாணு எப்போதும் உட்காரும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள சாவி தாணுவுக்குப் போயிற்று. பார்க்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்கப் போனேன். கை தன்னால் வலது பக்கம் போயிற்று. பெட்டி பூட்டியிருந்தது. அப்போதுதான் சம்புடம் ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

"அப்பா விபூதிச் சம்புடம் உள்ளே இருக்குடே."

"இருக்கட்டும். என் பங்குலதானே இருக்கு?" என்றான்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பூட்டுக்காரனை அழைத்து வந்தால் ஒரு நிமிஷ வேலை. அப்பாவின் விபூதியைப் பூட்டை நெம்பி எடுப்பதா? ஆரியசாலைக் கடைத்தெருவில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன சொல்வார்கள்? அதைவிட, மேலே இருந்து பார்க்கிறவர் என்ன நினைப்பார்? விட்டுவிட்டேன். அவன் என்றைக்காவது வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தேன். அவனிடம் என் கதவுச் சாவி இல்லையே, எப்படி எடுப்பான் என்று யோசிக்கவில்லை. கோபம் வந்தால் கணக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பிளஷரை நான் பராமரித்த விதத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் பண்ணுவேன். என்ஜின் சூடேறும் வரை முருகன் மேல் நாலு பாட்டுச் சொல்வேன். கார்பரேட்டரைக் கழற்றித் துடைப்பேன். இந்த வண்டியின் போல்ட்டுகள் எல்லாம் இஞ்ச் கணக்கு. இப்போதுள்ள ஸ்பேனர் எதுவும் சரியாகப் பிடிக்காது. ஒன்று வழுக்கும், இல்லையென்றால் நுழையாது. அப்பா வாங்கி வைத்த ஸ்பேனர் செட்தான் பிடிக்கும். அந்த செட் எங்கே? டிக்கியில்!

ஒரு தடவை நெய்யாற்றின்கரையில் டயர் பஞ்சராயிற்று. ஸ்டெப்னி டிக்கியில். ஜாக்கியும் டிக்கியில். டிக்கிச் சாவி விழிஞ்ஞத்தில். பங்குனி வெயிலில் நடுரோட்டில் என் சொந்தக் காரின் ஸ்டெப்னிக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, பஞ்சர் கடைக்காரனை ஆட்டோவில் போய்க் கூட்டி வந்தேன். அவன் கேட்டான்: "சாரே, டிக்கியில ஸ்டெப்னி இல்லே?" நான் இல்லை என்றேன். உள்ளதைச் சொன்னால் இன்னும் அசிங்கம்.

ஓட்டுவதும் அப்படித்தான். வலது சீட்டில் ஆளில்லை. என் மனைவியை ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்தேன். "ஏதோ வாறது மாதிரி இருக்கு... வரல்லையோ... இல்லை, வருகு... எதுக்கும் மெதுவாப் போங்கோ!" என்றாள். அதோடு சரி. அன்றிலிருந்து முன்னால் எந்த பஸ் போனாலும் அதன் பின்னாலேயே போவேன். அது நின்றால் நிற்பேன். எட்டு சிலிண்டர் வண்டி, பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஆள் ஏறி இறங்கும் வரை பின்னால் உறுமிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் பிரேக் விட்டது. புதுப் பெட்ரோலில் என்னவோ கலக்கிறார்களாம், பழைய ரப்பர் ஹோஸை எல்லாம் அது தின்றுவிட்டது. பிளஷர் ஷெட்டில் படுத்தது. நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் உமா கடைக்கு வந்தாள். தாணுவின் ஒரே மகள். பெரியவர்கள் பேசிக்கொள்ளாத வீடுகளில் பிள்ளைகள்தான் தபால்காரர்கள். ஆனால் உமா தபால் கொண்டு வருகிற ஜாதி இல்லை. நேரே விஷயத்துக்கு வருவாள்.

"பெரியப்பா, ஆவணியில கல்யாணம். நான் பிளஷர்லதான் மண்டபத்துக்கு வருவேன். எங்க அம்மா அதுலதானே வந்தா?"

"உங்க அப்பன் சம்மதிக்கணுமே மக்களே." எங்கள் பக்கத்தில் பிள்ளை ஒருத்தியானாலும் 'மக்களே'தான்.

"அப்பாகிட்ட நான் பேசியாச்சு. 'வண்டி ஓடட்டும், பாப்போம்'னாரு. ஓட வைக்கது உங்க பொறுப்பு."

"அப்பன் வலது பக்கம் உக்காருவானா?"

"அவரு உக்காராம பெரியப்பாவை ஓட்டச் சொன்னா, முகூர்த்தத்துக்கு நான் பஸ்ஸுக்குப் பின்னாலயில்லா வந்து சேருவேன்!"

சிரித்துவிட்டேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றிச் சிரித்தேன்!

அன்று இரவு பூஜை அறையில் ஒரு காரியம் மனதில் உறுதியாயிற்று. காரை ஓட வைக்க வேண்டும். தாணு வலது பக்கம் உட்கார வேண்டும். பெட்டியைத் திறந்து, அப்பாவின் சம்புடத்தில் இருந்து விபூதி எடுத்து, நாங்கள் இரண்டு பேருமாக அந்தப் பெண்ணின் நெற்றியில் இட வேண்டும். எனக்குப் பெண் குழந்தை இல்லை. முருகனிடம் கேட்டது இது ஒன்றுதான்.

ஸ்டீபன் மேஸ்திரி பாறசாலைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் பழைய வண்டி. வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "இதை ஓட வைக்கலாம் அண்ணாச்சி. ஆனா 'எப்போ தருவே, எப்போ தருவே'ன்னு கேட்டு என்னைக் கொல்லப்பிடாது" என்றார். நான் கொன்றேன். தினமும் போனேன்.

பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் கிட் அமெரிக்காவில் இருந்து பார்சலில் வந்தது. முதலில் வந்தது வேறு வருஷத்து வண்டிக்கு. திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்தோம். ரேடியேட்டரை இறக்கி அடைப்பெடுத்தார்கள். என்ஜினைக் கழற்றி, வால்வு தேய்த்து, கேஸ்கெட் வெட்டி, மாட்டினார்கள். இஞ்ச் ஸ்பேனருக்காக மேஸ்திரி ஊரெல்லாம் கடன் கேட்டார். பம்பர் குரோமியம் பூசிக்கொள்ள எர்ணாகுளம் போய் வந்தது. சீட்டுக்கு அதே சிவப்பில் ரெக்ஸின் கிடைக்கவே இல்லை. கிடைத்த சிவப்பில் போட்டோம்.

என்ஜின் முதல் தடவை பிடித்த அன்று கற்பூரம் ஏற்றினேன். மேஸ்திரி "ஸ்தோத்திரம்" என்றார். இரண்டு பேர் சாமியும் அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தார்கள்.

இனி பின்பக்கம். டெயில் லைட் ஒயரிங் எல்லாம் டிக்கி வழியாகத்தான். மேஸ்திரி சாவி கேட்டார். நான் தாணுவுக்குப் போன் போட்டேன்.

"டிக்கிச் சாவியைக் கொடுத்து விடுடே."

"கொடுத்து விடவா? உங்க கதவுச் சாவியை முதல்ல இஞ்ச கொடுத்து விடுங்கோ, பாப்போம்."

"வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்கு. கதவுச் சாவி உனக்கு என்னத்துக்கு?"

"வண்டி ஒர்க்‌ஷாப்புலதானே இருக்கு? டிக்கிச் சாவி உங்களுக்கு என்னத்துக்கு?"

"எனக்கு இல்லடே, மேஸ்திரிக்கு!"

"மேஸ்திரியை என்கிட்ட பேசச் சொல்லுங்கோ."

போனை வாங்கிக்கொண்ட மேஸ்திரி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "தாணு அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் சாவியைப் பத்திரமா வச்சுக்கிடுங்கோ. காரை நான் வச்சுக்கிடுதேன்."

அன்றைக்குத்தான், ஒயர் எங்கே போகிறது என்று அடியில் இருந்து பார்க்க வண்டியை லிஃப்டில் ஏற்றினார். அன்றைக்குத்தான் நான் கையை விட்டேன்.

எப்போதோ பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விட்டிருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கியிருக்கிறது. திறந்து பார்க்க ஆளில்லை. ஈரம் காயக் காற்றில்லை. ஸ்டெப்னி இருந்த பள்ளம் முழுசாக அரித்து உதிர்ந்துவிட்டது. டயர் எப்படியோ ஒரு விளிம்பில் தொத்திக்கொண்டு நின்றது. அப்பாவின் ஸ்பேனர்கள் துருவோடு துருவாக ஒரே கட்டி.

மேஸ்திரிதான் தாணுவுக்குப் போன் பண்ணினார். மறுநாள் வந்தான். மெலிந்திருந்தான். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பர்ஸை எடுத்தான். அதில் ஒரு முருகன் படம். படத்துக்குப் பின்னால் இருந்து சாவியை எடுத்தான்.

என் சாவியும் பூஜை அறையில் முருகன் பாதத்தில்தான் இருக்கும். ஆக இரண்டு சாவியையும் முருகன்தான் காவல் காத்திருக்கிறார். அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

டிக்கியைத் திறந்தான். உள்ளே ஒர்க்‌ஷாப் தரை தெரிந்தது.

"ஷெட்டு உங்க வீட்டுலதானே இருந்தது?" என்றான். காரைப் பார்த்துத்தான் சொன்னான்.

"சாவி உன் பர்ஸுலதானே இருந்தது?" என்றேன்.

"சவத்தை விடுங்கோ ரெண்டு பேரும்" என்றார் மேஸ்திரி. "அழுகினதை வெட்டிக் களைஞ்சிட்டு வேற தகடு வச்சு வெல்டிங் பண்ணித் தாரேன். கல்யாணத்துக்கு வண்டி உண்டு. அந்த டேஷ்போர்டுப் பெட்டியையும் ஒண்ணு தொறங்கோ, பியூஸ் பாக்கணும்."

நான் கதவைத் திறந்தேன். தாணு வலது சீட்டில் உட்கார்ந்தான். நான் இடது பக்கம். எத்தனை வருஷம்! அவன் சாவியை நுழைத்தான். பெட்டி திறந்தது.

சம்புடம் அங்கேயே இருந்தது. கறுத்துப்போய், அப்பா வைத்த இடத்தில், வைத்தபடி.

"நீங்க எடுத்திருப்பியளோன்னு நெனச்சேன்" என்றான் தாணு. குரல் இறங்கியிருந்தது.

"நீ எடுத்திருப்பேன்னு நான் நெனச்சேன்" என்றேன்.

மூடியைத் திறந்தான். விபூதி ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போயிருந்தது. விரல் பதியவில்லை. அவன் நகத்தால் சுரண்டினான். கொஞ்சம் பொடி வந்தது. தன் நெற்றியில் இட்டுக்கொண்டான். என் பக்கம் திரும்பினான்...

அந்த ஒரு நிமிஷத்தோடு இந்தப் பத்தியை முடித்துவிட எனக்கும் ஆசைதான்.

நான் குனிந்தேன். நெற்றியைக் காட்டத்தான் குனிந்தேன். ஆனால் கையும் கூடவே நீண்டது, சம்புடத்தை வாங்க. அப்பா கையில் இருந்த பொருள் அல்லவா? மூத்தவன் அல்லவா? அவன் சம்புடத்தைச் சட்டென்று நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"இது என் பங்குல உள்ளதாக்கும்."

"சம்புடத்தை யாரும் பங்கு வைக்கல்லைடே."

"பெட்டி என்னுது. உள்ள இருந்தது என்னுது."

"அப்படியா? என் கதவைத் திறந்துதானே நீ உள்ளே வந்தே?"

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவன் சொல்லலாமா? அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினான். சம்புடம் கையில். சாவி பெட்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவியை வச்சுக்கிடுங்கோ. கதவும் பெட்டியும் உங்களுக்கே ஆகட்டும். எம் மக இந்த வண்டியில வரமாட்டா."

மேஸ்திரி பின்னாலேயே ஓடினார். தாணு நிற்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. போனேன். போகாமல் இருக்க முடியுமா, பெரியப்பா இல்லையா? உமா வாடகைக் காரில் வந்து இறங்கினாள். வெள்ளைக் கார், நிறைய பூ. ஏசி இருந்திருக்கும். இந்த மாதிரி கார் முன்னால் போகும் பஸ்ஸையெல்லாம் சும்மா தாண்டிவிடும்.

மேடையில் தட்டில் அந்தச் சம்புடம் இருந்தது. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். தாணு விபூதியை நுணுக்கிச் சலித்திருக்கிறான். மகளுக்கு அவனே பூசிவிட்டான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு உமா மாப்பிள்ளையோடு வந்து என் காலில் விழுந்தாள். மடியில் பழவங்காடி விபூதிப் பிரசாதம் கொண்டுபோயிருந்தேன். விபூதியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி நிறைய அப்பாவின் விபூதி. அதற்குக் கீழே குங்குமம். எனக்கு இடமில்லை.

தலையில் கையை வைத்தேன். "நல்லாயிரு மக்களே" என்றேன்.

"பிளஷர் ஓடுதா பெரியப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓடும் மக்களே."

பொய் இல்லை. மேஸ்திரி சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரமே வண்டி தயார். நான்தான் போய் எடுக்கவில்லை. போன வாரம்தான் போனேன். டிக்கியைத் திறந்து காட்டினார். புதுத் தகடு, கறுப்புப் பெயின்ட், ஒரு துளி தண்ணீர் இறங்காது. "இனி பூட்டே வேண்டாம்" என்றார். சிரிக்கவில்லை.

இரண்டு சாவியும் இப்போது என்னிடம்தான். அப்பா காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பிளஷர் முழுசாக ஒருவன் கையில் இருக்கிறது. பம்பரில் முகம் பார்க்கலாம். ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகிறது. பிரேக் வெண்ணெய் மாதிரி. ரோட்டில் நிறுத்தினால் பிள்ளைகள் வந்து செல்ஃபி எடுக்கிறார்கள். "சூப்பர் அங்கிள், ஒரிஜினல் மாதிரியே இருக்கு!" என்கிறார்கள்.

மாதிரிதான்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன். காலியாக இருந்தது. கிள்ளிப்பாலம் திரும்பியதும் முன்னால் ஒரு பஸ். வழக்கம் போலப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். ஸ்டாப்பில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். புகை உள்ளே வந்தது.

பஸ்ஸில் இருந்து யாரோ சத்தம் கொடுத்தார்கள்: "போட்டே!"

நான் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.